தைராய்டு குறைவு உள்ளவர்களுக்குச் சமைப்பது எப்படி: உப்பு டப்பாவிலிருந்து இரவுச் சாப்பாடு வரை

தைராய்டு குறைவு என்று ரிப்போர்ட் வந்ததும் பல வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது முட்டைகோஸ். பிறகு காலிஃபிளவர், முள்ளங்கி, சோயா, கடலை என்று பட்டியல் நீளும். அதே வீட்டில் மாத்திரை விழுங்கிய பத்தாவது நிமிடம் ஃபில்டர் காபி உள்ளே போகும். குழம்புக்கு அயோடின் சேர்க்காத கல் உப்பு விழும். தட்டில் மலைபோலச் சோறும் தண்ணீராய்ச் சாம்பாரும் இருக்கும். விலக்க வேண்டிய காய் எது என்பதைவிட, காபி எத்தனை மணிக்கு, எந்த உப்பு, தட்டில் எவ்வளவு பருப்பு என்ற மூன்று கேள்விகளுக்குத்தான் முதலில் விடை வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

உணவு மாத்திரைக்கு மாற்று அல்ல. சுரப்பி போதிய ஹார்மோன் சுரக்காதபோது அதை வெளியிலிருந்துதான் தர வேண்டும். கொத்தமல்லி விதைக் கஷாயமோ தேங்காய் எண்ணெயோ அந்த இடத்தை நிரப்பாது. மாத்திரை உடலில் சரியாகச் சேர வழிவிடுவதும், சுரப்பிக்கு வேண்டிய சத்துகளைத் தருவதும், கூடவே வரும் மலச்சிக்கல், இரத்தசோகை, கொழுப்பு, சோர்வு ஆகியவற்றைக் கையாள்வதும் உணவின் வேலை.

முதலில்: உங்களுக்கு எந்த வகை?

இங்கே சொல்வது தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்கு, குறிப்பாகக் குறையும் ஹார்மோனை ஈடுகட்டும் தைராக்ஸின் மாத்திரை எடுப்பவர்களுக்கு. அதிகமாகச் சுரப்பவர்களுக்கு அயோடின் கணக்கு வேறு. மருத்துவர் சொல்லாமல் அவர்கள் மீனையும் உப்பையும் இதைப் பார்த்துக் கூட்டக் கூடாது. கதிரியக்க அயோடின் சிகிச்சைக்குத் தயாராகிறவர்களுக்கு அதற்கு முன் ஓரிரு வாரங்கள் அயோடின் மிகக் குறைந்த தனி உணவுமுறை உண்டு. அப்போது அயோடின் உப்பு, கடல் மீன், பால், முட்டை மஞ்சள்கரு எல்லாமே நிற்கும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் நாளொன்றுக்கு அயோடின் 250 மைக்ரோகிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்றப் பெரியவர்களுக்கு 150. கர்ப்பம் உறுதியானதும் மாத்திரை அளவும் பெரும்பாலும் கூட்டப்படும் என்பதால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காலைக் கடிகாரம்

தைராக்ஸின் வெறும் வயிற்றில்தான் நன்றாக உறிஞ்சப்படும். தண்ணீர் மட்டும் குடித்து விழுங்கிவிட்டு, சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிட இடைவெளி விட வேண்டும். நம் வீடுகளில் காபி கெட்டியாகவும் பாலோடும் வருவதால் 60 நிமிடமே நல்லது. காபியும் தடுக்கும், பாலிலுள்ள கால்சியமும் தடுக்கும். இரண்டும் சேர்ந்த டம்ளர் இரட்டைத் தடை. "சர்க்கரை போடாத காபிதானே" என்பது இங்கே எடுபடாது. தடுப்பது சர்க்கரை அல்ல.

வெந்தயம் ஊறிய தண்ணீர், சத்துமாவுக் கஞ்சி, கறிவேப்பிலைச் சாறு, தேன் கலந்த எலுமிச்சை நீர் என்று காலையில் குடிக்கும் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். மாத்திரை, பிறகு ஒரு மணி நேரம், அதன்பின் மற்றவை.

இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் இடைவெளி 4 மணி நேரம். அமிலத்தைக் கட்டுப்படுத்தும் ஜெலூசில் போன்ற மருந்துகளுக்கும் அப்படியே. நடைமுறையில் இப்படி அமைத்துக்கொண்டால் குழப்பம் இராது: காலை 6 மணிக்குத் தைராக்ஸின், 7 மணிக்குக் காபி, 8 மணிக்குச் சிற்றுண்டி, மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரும்பு, இரவுச் சாப்பாட்டோடு கால்சியம். இரும்பையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் போட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும் என்பதால் அவற்றையும் பிரிக்கிறோம்.

காலையில் பிள்ளைகளைக் கிளப்பும் பரபரப்பில் இது நடக்காது என்றால் இரவுக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கடைசிச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். 7:30-க்குச் சாப்பிட்டால் 10:30-க்கு மாத்திரை. இடையில் படுக்கும் முன் பால் குடிக்கும் பழக்கம் இருந்தால் இந்த முறை பயன் தராது. ரமலான் நோன்பு வைப்பவர்களுக்கும் இதே கணக்கில் இரவு நேரத்தையோ சஹருக்கு (விடியலுக்கு முன் உண்ணும் உணவுக்கு) முந்தைய நேரத்தையோ மருத்துவர் அமைத்துத் தருவார். தண்ணீர் அருந்தும் விரத நாட்களில் மாத்திரையை நிறுத்தக் காரணமே இல்லை.

காலையில் இந்த ஒன்றைச் சரிசெய்யாமல் வேறு எந்த உணவு மாற்றத்தையும் தொடங்குவதில் பொருளில்லை. மாத்திரை பாதி உறிஞ்சப்படாமல் போக, டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், மாத்திரை பற்றாதபோது ஏறும்) ஏறுகிறது என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவதுதான் அதன் விளைவு.

உப்பு டப்பா

தைராய்டு ஹார்மோனின் மூலப்பொருளே அயோடின்தான். அந்த ஹார்மோனுக்கு டி4, டி3 என இரு வடிவங்கள். டி4 மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அயோடின் அணுக்கள், டி3-இல் மூன்று. உணவுக்கு நேரடியாகப் பயன்படும் உப்பை அயோடின் சேர்க்காமல் விற்பதற்கு 2006-இலிருந்து நாடு முழுவதும் தடை உண்டு. ஆனாலும் 2018-19 இந்திய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டளவில் 76.3 சதவீதம் இருக்க, தமிழ்நாட்டில் 61.9 சதவீதமே இருந்தன. தூத்துக்குடியும் வேதாரண்யமும் உப்பு விளையும் ஊர்கள். அளத்திலிருந்து வரும் கல் உப்பு அப்படியே அடுக்களைக்குப் போவது நமக்குப் பழக்கம். கடலிலிருந்து வந்ததால் கல் உப்பில் அயோடின் இருக்கும் என்று நம்புகிறார்கள். கடல் நீர் உப்பாகும்போது அதில் தங்கும் அயோடின் மிக மிகக் குறைவு. இந்துப்பும் இதற்கு உதவாது.

செய்ய வேண்டியது:

1. பாக்கெட்டில் 'அயோடின் கலந்தது' என்ற எழுத்தையும், சிரிக்கும் சூரியன் சின்னத்தையும், தயாரித்த தேதியையும் பாருங்கள். கல் உப்புதான் வேண்டுமென்றால் அயோடின் சேர்த்த கல் உப்பு கிடைக்கிறது. ஆனால் பெரிய கற்களில் அயோடின் சீராக ஒட்டுவதில்லை என்பதால் தூள் உப்பே நம்பகமானது. தமிழ்நாடு உப்புக் கழகம் அயோடினும் இரும்பும் சேர்த்த இருசத்து உப்பும் தயாரிக்கிறது. இரத்தசோகை உள்ள வீட்டுக்கு அது நல்ல தேர்வு.

2. ஈரம், வெயில், அடுப்புச் சூடு மூன்றும் அயோடினைக் குறைக்கும். மூடி இறுகிய டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். திறந்த மரவையில் உப்பு வைக்கும் பழக்கத்தையும், கரைத்து வைத்து நாட்கணக்கில் பயன்படுத்தும் பழக்கத்தையும் விடுங்கள்.

3. கொதிப்பதற்கு முன்பே போடாமல், குழம்பு இறக்கும் நேரத்தில் உப்பைச் சேருங்கள்.

4. அளவைக் கூட்டாதீர்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன்தான் வரம்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதற்குள் அடக்கம். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 600 கிராமுக்கு மேல் உப்பு செலவானால் உப்பு அதிகம் விழுகிறது என்று பொருள்.

கணக்கு இதுதான். சட்டப்படி நுகர்வோர் கைக்கு வரும்போது உப்பில் குறைந்தது 15 பிபிஎம் அயோடின் இருக்க வேண்டும். அது கிராமுக்கு 15 மைக்ரோகிராம். 5 கிராம் உப்பில் 75 கிடைக்கும். சமையலில் கொஞ்சம் போகும். மீதியைப் பால், தயிர், முட்டை, கடல் மீன் ஆகியவற்றிலிருந்து எடுக்க வேண்டுமே தவிர, உப்பைக் கூட்டி அல்ல.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நம்மில் பலருக்குத் தைராய்டு குறைவு வருவது அயோடின் பற்றாமல் அல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ என்னும் தன்னெதிர்ப்பு நோயால். அவர்களுக்கு அயோடின் அளவுக்கு மீறிப் போனால் சுரப்பி மேலும் மந்தமாகும். ஆகவே இணையத்தில் விற்கும் கடற்பாசி மாத்திரைகள், கெல்ப் (ஒரு வகைக் கடற்பாசி) பொடிகள், அயோடின் சொட்டுகள் வேண்டாம். ஒரே சிட்டிகையில் பல நாள் அளவு அடங்கியிருக்கலாம்.

தட்டில் புரதம்

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளுக்கான சமைக்காத அளவுகள் இவை: தானியம் 250 கிராம், பருப்பு வகை 85, காய்கறி 400, பழம் 100, பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35, எண்ணெய் 27. தைராய்டுக்கென்று தனித் தட்டு தேவையில்லை, இதுவே போதும். நம் வீட்டுச் சாப்பாட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தானியம் பெருகியும் பருப்பும் காயும் பாதிக்குக் கீழும் இருப்பது தெரியும்.

உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது பரிந்துரை. 60 கிலோ எடைக்கு 50 கிராம். ஒரு முட்டையில் 6, சமைக்காத 30 கிராம் பருப்பில் 7, 100 கிராம் மீனில் 18 முதல் 20, ஒரு டம்ளர் பாலில் 6 கிராம் புரதம் கிடைக்கும். ஒவ்வொரு வேளையும் 15 கிராமாவது வர வேண்டும் என்று வைத்துக்கொண்டால் நாள் தானாகச் சரியாகிவிடும்.

ஏமாற்றுவது சாம்பார்தான். நான்கு பேருக்கு அரை டம்ளர் பருப்பு வேகவைத்து, அதில் நிறையத் தண்ணீர் ஊற்றி, மறுவேளைக்கும் எடுத்து வைத்தால் ஆளுக்கு வருவது 10 முதல் 15 கிராம் பருப்புதான். ஆளுக்கு வேளைக்கு 30 கிராம் என்று அளந்து போடுங்கள். நான்கு பேருக்கு 120 கிராம். சாம்பார் கெட்டியாக வேண்டாம் என்றால் கூட்டு, பருப்பு உசிலி, சுண்டல், அடை வழியாக அந்த அளவைக் கொண்டுவாருங்கள். அடை மாவில் அரிசியும் பருப்பும் சம பங்காக இருக்கட்டும். கடையில் கிடைக்கும் அடையில் பெரும்பாலும் அரிசிதான் ஓங்கியிருக்கும்.

இரும்பு, செலினியம், துத்தநாகம்

அயோடினை ஹார்மோனாக மாற்றும் நொதிக்கு இரும்பு வேண்டும். சுரந்த டி4-ஐ உடல் பயன்படுத்தும் டி3 ஆக மாற்றும் நொதிகள் செலினியம் அடங்கியவை. இரும்பு குறைந்த பெண்ணுக்கு அயோடின் உப்பு மட்டும் கொடுத்தால் முழுப் பலன் வராததற்குக் காரணம் இதுதான்.

பெண்களுக்கு இரும்பு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம், ஆண்களுக்கு 19. அசைவர்களுக்கு ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) விரைவான வழி. வாரம் ஒருமுறை 75 கிராம் போதும். கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்க்க வேண்டும், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். சைவர்களுக்கு முருங்கைக்கீரை, எள், கொள்ளு, தட்டைப்பயறு. தாவர இரும்பு எளிதில் சேராது. கூட வைட்டமின் சி இருக்க வேண்டும். முருங்கைக்கீரைப் பொரியலோடு நெல்லிக்காய்த் துவையல், சுண்டலில் இறக்கியபின் பிழிந்த எலுமிச்சை, சாப்பாட்டுக்குப் பின் ஒரு கொய்யா என்று வையுங்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் பெரும்பகுதி வீண். ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். பயறுகளை எட்டு மணி நேரம் ஊறவைத்து முளைகட்டினால் இரும்பும் துத்தநாகமும் இன்னும் நன்றாகச் சேரும்.

செலினியத்துக்கு ஒரு முட்டையும் ஒரு துண்டு மத்தியோ சூரையோ இருந்தால் அன்றைய 40 மைக்ரோகிராம் தேவை நிறைவேறிவிடும். சைவர்களுக்குக் கோதுமை, பருப்புகள், காளான், சூரியகாந்தி விதை. பிரேசில் நட்டை ஒரு கைப்பிடி சாப்பிடச் சொல்லும் ஆலோசனை ஆபத்தானது. ஒரு கொட்டையிலேயே 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாம். வாரம் இரண்டு மூன்று கொட்டைகள் போதும். அளவு மீறினால் முடி கொட்டும், நகம் உடையும். அதையும் தைராய்டு என்றே எண்ணி மேலும் சாப்பிடுவார்கள்.

ஹாஷிமோட்டோ உள்ளவர்களிடம் வைட்டமின் பி12 குறைபாடும் கூடுதலாகக் காணப்படுவதால், சோர்வும் கைகால் மரத்துப்போதலும் மாத்திரைக்குப் பின்னும் நீடித்தால் அதையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

முட்டைகோஸ், மரவள்ளி, கம்பு: உண்மை எவ்வளவு?

முட்டைகோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, நூல்கோல், டர்னிப் ஆகியவற்றில் உள்ள குளுக்கோசினோலேட்டுகள் என்னும் இயற்கைச் சேர்மங்களிலிருந்து பிறக்கும் பொருட்கள் அயோடின் சுரப்பிக்குள் போவதையும் அங்கே ஹார்மோனாவதையும் தடுக்கக் கூடியவை. அவற்றை வெளிக்கொணரும் நொதி வெப்பத்தில் செயலிழந்துவிடும். வேகவைத்து ஒரு கப் பொரியல், வாரம் மூன்று நாள் சாப்பிட்டாலும் அயோடின் போதுமானவர்களுக்குப் பிரச்சினை இல்லை. பச்சையாகப் பெருமளவு உண்பதுதான் வில்லங்கம். தினமும் ஒன்று முதல் ஒன்றரை கிலோ சீனக் கோஸைப் பச்சையாக மாதக்கணக்கில் சாப்பிட்ட 88 வயதுப் பெண் ஒருவர் கடுமையான தைராய்டு குறைவால் மயக்கநிலைக்குப் போனது 2010-இல் மருத்துவ இதழில் பதிவானது. அந்த அளவை யாரும் பொரியலில் எட்ட முடியாது. பச்சைக் காய் ஜூஸ் கடைகளில் எட்டலாம்.

மரவள்ளிக்கிழங்கு விஷயத்தில் கவனம் தேவை. அதிலுள்ள லினமாரின் என்னும் பொருள் சயனைடை வெளியிடுகிறது. உடல் அதைத் தயோசயனேட்டாக மாற்றுகிறது. அது அயோடினோடு போட்டியிடுகிறது. தோலை முழுதும் சீவி, சிறு துண்டுகளாக்கி, ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஆவியில் வேகவைத்தால் நச்சு வெளியேற வழியில்லை. கசக்கும் கிழங்கை அப்படியே எறியுங்கள். கன்னியாகுமரிப் பக்கம் மரவள்ளியோடு மீன் குழம்பு சேர்த்துச் சாப்பிடுவது நல்ல சேர்க்கை. மீனின் அயோடின் எதிர்நின்று ஈடுகட்டும். ஜவ்வரிசியில் இந்த நச்சு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது, ஆனால் அது வெறும் மாவுச்சத்து.

சிறுதானிய ஆர்வம் பெருகியிருக்கும் இந்நேரத்தில் கம்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கம்பிலுள்ள ஃபிளேவனாய்டுகள் என்னும் தாவரப் பொருட்களில் சில ஹார்மோன் தயாரிக்கும் நொதியையே தடுக்கின்றன. சூடானில் கம்பையே முதன்மை உணவாகக் கொண்ட, அயோடினும் குறைந்த பகுதிகளில் கழலை (தைராய்டு வீங்கிக் கழுத்து புடைப்பது) மிகுந்திருந்தது. சமைப்பதால் இது முட்டைகோஸ்போல எளிதில் அடங்குவதில்லை. எனவே மூன்று வேளையும் கம்பு என்று மாறாமல், வாரம் இரண்டு நாள் கம்பங்கூழ், மற்ற நாட்களில் கேழ்வரகு, வரகு, அரிசி, கோதுமை என்று சுழற்றுங்கள். தினையையும் அப்படியே. கேழ்வரகு 100 கிராமில் சுமார் 364 மில்லிகிராம் கால்சியம் உண்டு என்பதால் மாத்திரை போட்ட உடனே கேழ்வரகுக் கஞ்சி குடிக்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சோயாவை விலக்கத் தேவையில்லை. மீல்மேக்கர், டோஃபு இரண்டும் மாத்திரையிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி, மதியத்திலோ இரவிலோ இருக்கட்டும். வேர்க்கடலையும் ஒரு கைப்பிடி தாராளமாக. கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் இருப்பது உறுதியானவர்கள் தவிர வேறு யாரும் கோதுமையை நிறுத்த வேண்டியதில்லை.

ஒரு நாள் எப்படி இருக்கும்

60 கிலோ எடையுள்ள, அசைவம் உண்ணும் ஒருவருக்கு:

காலை 6: மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். 7: காபி. 8: மூன்று இட்லி, 20 கிராம் பருப்பு விழும் காய்கறிச் சாம்பார், ஒரு அவித்த முட்டை. புரதம் சுமார் 16 கிராம்.

மதியம் 1: 75 முதல் 100 கிராம் அரிசியில் வடித்த சோறு, 100 கிராம் மீன் போட்ட குழம்பு, ஒரு கப் முருங்கைக்கீரை அல்லது அவரைக்காய்ப் பொரியல், அரை டம்ளர் தயிர். சுமார் 28 கிராம்.

மாலை 4:30: 30 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு கொய்யா. சுமார் 7 கிராம். டீ வேண்டுமென்றால் 5:30-க்கு.

இரவு 7:30: கேழ்வரகு தோசை இரண்டு, 40 கிராம் பாசிப்பருப்பு விழும் சுரைக்காய்க் கூட்டு. சுமார் 15 கிராம்.

சைவராக இருந்தால் முட்டைக்குப் பதில் காலையில் அடை அல்லது பெசரட்டு, மீனுக்குப் பதில் பருப்பு உசிலியோடு 60 கிராம் பனீர். தயிரை ஒரு டம்ளராகக் கூட்டுங்கள். அயோடினுக்கு அவர்களிடம் உப்புக்கு அடுத்து உள்ளது பால்தான்.

எண்ணெய் 27 கிராம் என்பது ஆறு டீஸ்பூன். நான்கு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர். தைராய்டு குறைவில் கெட்ட கொழுப்பு ஏறும் என்பதால் இந்த வரம்பு மற்றவர்களைவிட இவர்களுக்கு முக்கியம்.

எங்கே தவறுகிறது

பட்டினிதான் முதல் தவறு. தைராய்டு குறைவால் கூடும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோ. அதிலும் கணிசமான பகுதி உடலில் தங்கும் உப்பும் நீரும். 20 கிலோவையும் தைராய்டின் மேல் போட்டு, இரண்டு வேளை சாப்பாட்டை நிறுத்தினால் உடல் டி3-ஐ மேலும் குறைத்துக்கொள்ளும். சோர்வு கூடும், தசை கரையும். தானியத்தில் கால் பங்கைக் குறைத்து அந்த இடத்தில் காயும் பருப்பும் வைப்பது மெதுவானது, ஆனால் நிற்கும்.

மலச்சிக்கலுக்கு நார்ச்சத்தை ஒரே நாளில் இரட்டிப்பாக்கினால் வயிறு உப்பும். வாரத்துக்கு ஒரு கைப்பிடி காய் என்று கூட்டி, தண்ணீரையும் கூட்டுங்கள். இசப்கோல் எடுப்பதானால் இரவில். காலையில் மாத்திரை அருகே வேண்டாம். இரவில் தைராக்ஸின் எடுப்பவர்கள் இசப்கோலை மாலையிலேயே முடித்துவிட வேண்டும்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் இரத்தப் பரிசோதனைக்கு முன் இரண்டு மூன்று நாட்கள் அதை நிறுத்த வேண்டும். பயோட்டின் சில ஆய்வக முறைகளில் டி.எஸ்.எச். அளவைத் தவறாகக் காட்டும். அதை நம்பி மாத்திரையின் அளவை மாற்றிவிட வாய்ப்புண்டு.

தைராக்ஸின் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். அதனால் உணவு மாற்றத்தின் விளைவு ஒரு வாரத்தில் தெரியாது. காபி நேரத்தை மாற்றியிருந்தாலோ, நார்ச்சத்தும் சோயாவும் கூடியிருந்தாலோ, மாத்திரையை இரவுக்கு மாற்றியிருந்தாலோ மருத்துவரிடம் சொல்லி, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். பாருங்கள். உறிஞ்சுதல் மேம்பட்டதால் பழைய அளவே அதிகமாகிப் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வந்தால் எட்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே போய் அளவைக் குறைக்கக் கேளுங்கள்.